நீரில் மூழ்கிய நாயைக் காப்பாற்றும் முறை

கம்பம் பள்ளத்தாக்கில் தோட்டக் காவலுக்கு நாய் எவ்வளவு உதவியானது என்பதை அங்கத்தினர்கள் நன்கு அறிவார்கள். 1895ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட பெரியாற்று அணையின் நீர், இப்பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலங்களுக்குத் திறந்துவிடப்படும் காலத்தில் ஆறும் வாய்க்கால்களும் நிரம்பி ஓடும். அப்போது நாய்கள் வெள்ளத்தில் அகப்படுவதுண்டு. படியில்லாத கிணறும், பிளாஸ்டிக் விரிப்புப் போட்ட பண்ணைக்குட்டையும் அவற்றுக்கு அபாயமானவையே. நாய் நீந்தக்கூடிய பிராணிதான். ஆயினும் கரையேற இடமின்றி வழுக்கி விழுந்து, களைத்து மூழ்கிவிடுகிறது.

மூழ்கும் பிராணியின் நுரையீரலில் நீர் புகுவதால் பிராணவாயு இரத்தத்தில் கலப்பது தடைப்படுகிறது. மேலும், நுரையீரலின் சிறு காற்றறைகளை விரித்து வைத்திருக்கும் வழவழப்பான பொருளை நன்னீர் கெடுத்துவிடுகிறது. அதனால் அவ்வறைகள் சுருங்கிவிடுகின்றன. பிராணவாயு கிட்டாத மூளை சில நிமிடங்களிலேயே கெடத் தொடங்கும். ஆகவே கரையில் செய்யும் முதலுதவியே முக்கியமானது.

நாயைக் கரையேற்றியதும் வாயிலுள்ள சேற்றையும் சருகையும் அகற்றி, நாக்கை முன்னே இழுத்து, கழுத்தை நேராக நீட்டிவிட வேண்டும். காலைப் பிடித்துச் சுழற்றுவதும், வயிற்றை அமுக்குவதும் தவறு. மூச்சு நின்று இதயம் துடித்தால், வாயை மூடிப்பிடித்து, மூக்கின் வழியே ஆறு விநாடிக்கு ஒரு முறை ஊத வேண்டும். இதயத் துடிப்பும் இல்லையெனில், ஒருக்களித்துப் படுக்க வைத்து, மார்பின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கேனும் அமுங்கும்படி நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். முப்பது அழுத்தங்களுக்கு இரண்டு முறை ஊத வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசி போடப்படாத நாய்க்கு ஊதுவதைத் தவிர்த்து, மார்பை மட்டும் அழுத்துவதே பாதுகாப்பு.

மூச்சு வந்தபின் ஈரத்தைத் துடைத்து, சாக்கினால் போர்த்தி, கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். மருத்துவர் பிராணவாயு அளித்து, உடல் வெப்பத்தைச் சீராக்கி, தேவையானால் இரத்தக்குழாய் வழியே திரவம் ஏற்றுவார். கிருமித்தொற்றுக்கு அறிகுறி இருந்தாலன்றி அதற்கான மருந்து தேவைப்படுவதில்லை. நாய் எழுந்து நடமாடியதும் பிழைத்துவிட்டதென்று எண்ணி வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாகாது. பல மணி நேரம் கழித்தும் நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத்திணறல் உண்டாகலாம். எனவே ஒரு நாளேனும் மருத்துவரின் கண்காணிப்பு வேண்டும்.

கிணற்றிலும் குட்டையிலும் முடிச்சிட்ட கயிற்று வலையையோ, சாய்வான பலகையையோ நிரந்தரமாகக் கட்டிவைத்தால் நாய் தானே கரையேறும். தவறி விழும் குழந்தைக்கும் அதுவே பிடிப்பாகும். நாயைக் காக்கத் தாமே கிணற்றில் குதித்து எவரும் உயிரிழக்க வேண்டா.