கயிற்றில் தொங்கும் முட்டைக்கோஸ்

கயிற்றில் தொங்கும் ஒரு க்வின்ஸ் பழம். சற்றுத் தாழ்வாக இன்னொரு கயிற்றில் முட்டைக்கோஸ். கீழே சன்னல் விளிம்பில் அறுத்த முலாம்பழம், பக்கத்தில் அதன் கீற்று, கடைசியில் ஒரு வெள்ளரிக்காய். பின்னால் கன்னங்கரிய இருட்டு. ஸ்பெயினின் டொலிடோ நகரில் ஹுவான் சான்செஸ் கோட்டான் 1602 வாக்கில் தீட்டிய இந்த எண்ணெய் வண்ண ஓவியம், இன்று அமெரிக்காவில் சான் டியேகோ கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கோஸை ஏன் தொங்கவிட வேண்டும்? கெடாமல் இருக்கத்தான். தரையில் கிடக்கும் காயில், தரை தொடும் இடத்தில் ஈரம் தங்கும். அழுகல் அங்கே பிடிக்கும். தொங்கினால் எல்லாப் பக்கமும் காற்றுப் படும். உறி கட்டிய வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல.

விசேஷம் அந்தக் கறுப்பில் இருக்கிறது. உச்சி வெயிலில் தெருவில் நின்று எதிர்வீட்டுத் திறந்த சன்னலைப் பாருங்கள். உள்ளே ஆள் இருந்தாலும் தெரியாது. கண் வெயிலுக்குப் பழகிவிட்டதால், அறைக்குள்ளிருக்கும் கொஞ்ச ஒளியும் கறுப்பாகவே படுகிறது. ஓவியருக்கு ஒரு கஷ்டம் உண்டு: எந்த வண்ணமும் வெயிலைப்போல ஒளிராது. எனவே கோட்டான் வெயிலைத் தீட்டவில்லை; வெயில் உண்டாக்கும் இருட்டைத் தீட்டினார். அதைப் பார்த்ததும் நம் மூளை, கோஸின் மேல் வெயில் அடிப்பதாக நம்பிவிடுகிறது!

வெள்ளரிக்காயிலும் அதே தந்திரம். அதன் நுனி விளிம்பைத் தாண்டி நீட்டிக்கொண்டு நிற்க, நிழல் கீழே விழுகிறது. பொருளுக்கும் நிழலுக்கும் உள்ள இடைவெளியைக் கொண்டே மூளை ஆழத்தைக் கணக்கிடும். அதனால் தட்டையான துணியிலிருந்து காய் நம் பக்கம் நீள்கிறது.

க்வின்ஸிலிருந்து வெள்ளரி வரை மனத்தில் ஒரு கோடு இழுத்தால், சறுக்கி இறங்கும் அழகான வளைவு கிடைக்கும். எந்தச் சமையலறையிலும் இது தற்செயலாக அமையாது. கயிற்றின் நீளத்தை முடிவு செய்தது சமையற்காரர் அல்ல, ஓவியர். படத்தின் வலப்பக்க மேற்பகுதியில் எதுவுமே இல்லை. அதை நிரப்பாமல் விட எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

1603-இல் கோட்டான் டொலிடோவை விட்டுப் போய், புலால் உண்ணாத கார்த்தூசியத் துறவியரோடு சேர்ந்தார். அதனால் இந்தப் படத்திலேயே நோன்பையும் மௌனத்தையும் காண்பவர்கள் உண்டு. எனக்கு அது பின்னால் நடந்ததை முன்னால் கொண்டுவந்து ஒட்டுவதாகவே படுகிறது. இதைத் தீட்டியபோது அவர் துறவி அல்லர். ஒரு முட்டைக்கோஸின் நரம்புகளை ஒவ்வொன்றாக உற்றுப் பார்த்த ஓவியர்.