மூளையழற்சியும் பரம்பரையலகும்

வாயோரத்திலே சிறு கொப்புளங்கள் தோன்றிச் சில நாளில் காய்ந்து மறைதல் நாம் பலகாலும் காண்பதொன்று. அதற்குக் காரணமாவது ஹேர்பிஸ் சிம்பிளெக்ஸ் முதலாம் வகை என்னும் வைரசாகும். உலக மக்களுட் பாதிக்கு மேற்பட்டோர் இதனைத் தம் உடலில் தாங்கியே வாழ்கின்றனர். அவருட் பலர் அதனை அறிவதும் இல்லை. ஆயினும், ஆண்டொன்றுக்குப் பத்து இலட்சம் பேருள் 2 முதல் 4 பேர் வரையில், இதே வைரசு நரம்பின் வழியே மூளையை அடைந்து மூளையழற்சியை விளைக்கின்றது. மருந்தின்றி விடின் நோயுற்றோருள் நூற்றுக்கு 70 பேர் அளவில் இறப்பர். பிழைத்தோருட் பலர் நினைவும் பேச்சும் குன்றி நிற்பர். வைரசு ஒன்றே, விளைவோ இருவேறு. இதற்குக் காரணம் யாது?

உடல் நலிந்தோரையே நோய் பற்றும் என்பது பொதுவாகக் கூறப்படும் விடை. ஆனால், இந்நோய்க்கு ஆளாகும் குழந்தைகளுட் பெரும்பாலோர் அதற்கு முன் நன்றாக ஓடியாடித் திரிந்தவர்களே. எனவே அவ்விடை ஈண்டுப் பொருந்தாது.

பொருத்தமான விடைக்கு வழி காட்டியவை எலிகள். 1930களில் நியூயோர்க் நகரத்து றொக்பெல்லர் ஆய்வுநிலையத்தில் லெஸ்லி வெப்ஸ்டர் என்பார் எலிகளைத் தெரிந்து இனம்பெருக்கி, மூளையழற்சி வைரசை எதிர்த்து நிற்கும் குலம் ஒன்றையும் அதற்கு எளிதில் இரையாகும் குலம் ஒன்றையும் உண்டாக்கினார். எதிர்ப்பாற்றல் பரம்பரையாக வருவது என்பது அதனால் விளங்கிற்று. இத்தகைய எதிர்ப்பை அளிக்கும் பரம்பரையலகு எதுவென 2002இலேயே கண்டறியப்பட்டது.

மனிதரிடத்து இதனை ஆராய்ந்தோர் பாரிஸ் நகரில் சான் லோரான் கசனோவா என்பாரும் அவர்தம் குழுவினருமாவர். ஹேர்பிஸ் மூளையழற்சியுற்ற குழந்தைகள் சிலரிடத்தில் 2006இல் யூ.என்.சி.93பி என்னும் பரம்பரையலகிலும், 2007இல் ரீ.எல்.ஆர்.3 என்னும் பரம்பரையலகிலும் அவர்கள் விகாரங்களைக் கண்டனர்.

இவற்றின் தொழிலை அறிதல் வேண்டும். வைரசு கலத்தினுட் பெருகும்பொழுது இரட்டைப் பட்டிகை ஆர்.என்.ஏ. தோன்றுகின்றது. ரீ.எல்.ஆர்.3 என்னும் புரதம் அதனை இனங்காணும் காவலாளி. அக்காவலாளியை உரிய இடத்திற் கொண்டு நிறுத்துவது யூ.என்.சி.93பி. பகையைக் கண்டதும் இன்ரபெரோன் என்னும் பொருள் சுரக்கின்றது. அஃது அயற்கலங்களையும் எதிர்ப்புக்கு ஆயத்தமாக்கும். வெண்குருதிக் கலங்களுக்கு வைரசை உணர வேறு வழிகளும் உண்டு. மூளைக்கலங்களோ இந்நோயில் இவ்வொரு வழியையே பெரிதும் நம்பியுள்ளன. ஆகவே, இவ்வழி பழுதுபடின் உடலின் ஏனைய பாகங்கள் காக்கப்பட, மூளை மாத்திரம் காவலற்று நிற்கும்.

2012இல் வெளியான ஆய்வு இதனை உறுதிசெய்தது. இக்குறைபாடுடையோரின் தோற்கலங்களை ஆய்வுகூடத்தில் நரம்புக்கலங்களாக மாற்றி வளர்த்தபொழுது, அவை வைரசுக்கு விரைவில் இரையாயின. முன்கூட்டியே இன்ரபெரோன் சேர்த்தபொழுது எதிர்த்து நின்றன.

எனினும், பரம்பரையலகே முடிந்த முடிபென்று கொள்ளுதல் தவறு. அதே விகாரத்தைப் பெற்று, அதே வைரசால் தொற்றப்பட்டும் மூளையழற்சி அடையாத உறவினர் அக்குடும்பங்களிலேயே உளர். மேலும், நோயுற்ற குழந்தைகளுட் சிறு தொகையினரிடமே இக்குறைபாடுகள் காணப்பட்டுள்ளன.

இவ்வறிவால் வரும் பயன் இரண்டு. குழந்தையைப் பேணியதிற் பிழை நேர்ந்ததோவெனத் தன்னைத்தானே நொந்துகொள்ளும் தாய்க்கு, ‘அம்மா, இஃது உன் குற்றம் அன்று’ என்று அறிவியல் கூறும் ஆறுதல் ஒன்று. குறைபாடு இன்னதென அறிந்தால் அதனை ஈடுசெய்யும் வழியையும் நாடலாம் என்னும் நம்பிக்கை மற்றொன்று. அசைக்குளோவிர் என்னும் மருந்து 1980களில் வழக்கிற்கு வந்தபின் இந்நோயால் இறப்போர் தொகை பெரிதும் குறைந்துள்ளது. ஆனால் அது காலந்தாழ்த்தாது கொடுக்கப்படல் வேண்டும். காய்ச்சலோடு தலையிடி, மனத்தடுமாற்றம், வலிப்பு என்பன காணின் உடனே மருத்துவமனையை நாடுதல் நம் கடன்.

ஊழுக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவரே ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். பிறப்பொடு வந்ததை அறிந்து, அதன் பின்னும் செய்யத்தக்கதைச் செய்தலே கற்றவர்க்கு அழகாகும்.