கருவிகள் பேசும் பொது மொழி

ஒரு மின்கலத்தின் மின்னழுத்தம் இரவு முழுவதும் எப்படிக் குறைகிறது என்று அறிய வேண்டும். நிமிடத்துக்கு ஒரு முறை வோல்ட்மீட்டரைப் பார்த்து எழுத, விடிய விடிய யார் விழித்திருப்பது? கணிப்பொறியிடம் விட்டுவிடலாம். ஆனால் கணிப்பொறி கேட்பது மீட்டருக்கும், மீட்டர் சொல்வது கணிப்பொறிக்கும் விளங்க வேண்டுமல்லவா? இந்தப் பேச்சுக்கான விதிமுறையையே 'புரோட்டோகால்' என்கிறோம்.

1960-களின் இறுதியில் ஹியூலட்-பேக்கார்டு நிறுவனம் தன் கருவிகளை இணைக்க ஒரு பொதுக் கம்பித் தொகுதியை உருவாக்கியது. 1975-இல் ஐ.இ.இ.இ. என்னும் பொறியாளர் அமைப்பு அதை 488 என்ற எண்ணில் பொதுத் தரமாக வெளியிட்டது. பிற கம்பெனிகளின் கருவிகளும் அதே தொகுதியில் சேரலாம். மொத்தம் 15 வரை. தகவலுக்கு 8 கம்பிகள். ஒரு நேரத்தில் ஓர் எழுத்து, அதாவது ஒரு பைட், போகும்.

கம்பி ஒன்றாயிற்று; பேச்சு ஒன்றாகவில்லை! தொலைபேசியின் ஒரு முனையில் தமிழரும் மறுமுனையில் ஜப்பானியரும் பேசியது போல. மின்னழுத்தத்தை அளக்கச் சொல்ல ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு சங்கேதம். மீட்டரை மாற்றினால் நிரலையும் மாற்றி எழுத வேண்டும்.

1987-இல் வந்த 488.2 தரம் சில பொதுக் கட்டளைகளை வகுத்தது. 1990-இல் கருவிக் கம்பெனிகள் கூடி 'ஸ்கிப்பி' என்ற கட்டளை மொழியை வெளியிட்டன. அதில் 'மெஷர்', 'வோல்டேஜ்', 'டி.சி.' என்ற சொற்களை முக்காற்புள்ளியால் கோத்து, முடிவில் ஒரு கேள்விக்குறி இட்டு அனுப்பினால் போதும். மீட்டர் அளந்து எண்ணைத் திருப்பி அனுப்பும். எல்லாம் சாதாரண எழுத்துகளே. ஆகவே நீங்கள் நிரல் எழுதுவது ஃபோர்ட்ரானிலா, சி-யிலா, பைத்தானிலா என்பது மீட்டருக்கு ஒரு பொருட்டே அன்று.

எங்கள் கல்லூரி ஆய்வுக்கூடத்தில், கரைசல் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்று அளக்கும் கருவி ஒன்று இருக்கிறது. அது தன் கம்பெனியின் மென்பொருளோடு மட்டுமே பேசும். விதிமுறை கையேட்டில் இல்லை. பழைய கணிப்பொறி பழுதானதும், புதியதில் அந்த மென்பொருள் ஓட மறுத்தது. கம்பெனியைக் கேட்டோம். "அந்த மாடலை நிறுத்திவிட்டோம்" என்றார்கள். விளக்கும் எரிகிறது, லென்சும் தெளிவாக இருக்கிறது. மாணவர்கள் மட்டும் திரையைப் பார்த்துப் பார்த்து நூற்றுக்கணக்கான அளவுகளைக் கையால் எழுதுகிறார்கள். அதைவிடப் பழைய மல்டிமீட்டர் ஒன்றுக்கு ஸ்கிப்பி தெரியும். இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி பத்தே வரிப் பைத்தான் நிரலில் அதை இரவெல்லாம் வேலை வாங்கிவிட்டாள்.

எழுத்தாக அனுப்புவதில் நேரம் வீணாகாதா? ஆகும். ஆசிலாஸ்கோப்பின் ஒரு புள்ளியை ஒரே பைட்டில் அடக்கலாம், -0.1254 என்று எழுதிக் காற்புள்ளி இட்டால் 8 பைட். பத்து லட்சம் புள்ளிகளுக்கு இது பெரிய சுமைதான். அதற்கும் 488.2-இல் வழி உண்டு: #41000 என்று தொடங்கினால், 4 இலக்கங்களில் நீளம் சொல்லப்படுகிறது, பின்னால் 1000 பைட் சுருக்கமாக வருகிறது என்று பொருள். வேகம் வேண்டுமென்பதற்காக விதியை மறைத்துவைக்கத் தேவையில்லை என்பது இதிலிருந்து தெரிகிறது. தனி விதிமுறை வைத்திருக்கும் கம்பெனிக்கு ஒரு வசதி உண்மைதான்: யாரையும் கேளாமல் அதை மாற்றிக்கொள்ளலாம். அந்த மாற்றத்தின் செலவு நம் தலையில்!

சென்ற முறை புதுக் கருவிக்கு விலைப்புள்ளி கேட்டபோது, கட்டளைப் பட்டியலையும் அனுப்பும்படி முதல் வரியிலேயே எழுதினோம். மூன்று கம்பெனிகளில் இரண்டு அனுப்பின.