பாலையில் ஒரு பழங்காடு

ஐந்திணை வகுத்த நம் முன்னோர், பாலையை இயற்கையில் அமைந்த தனிநிலமாகக் கொண்டிலர். குறிஞ்சியும் முல்லையும் வெம்மையால் வளங்குன்றித் திரிந்த நிலையையே பாலை என்றனர். சிலப்பதிகாரம் இக்கருத்தைத் தெளிவுற உரைக்கின்றது. நிலம் என்றும் ஒரு தன்மைத்தாய் நிற்பதன்று என்னும் உண்மை இதனுள் அடங்கியுள்ளது. இவ்வுண்மையைக் கண்ணாரக் காண விழைவோர் இராசத்தானத்துப் பாலைத் தேசியப் பூங்காவிற்குச் செல்லுதல் தகும்.

இப்பூங்கா இந்தியாவின் மேற்கெல்லையில், ஜெய்சல்மேர், பார்மேர் என்னும் இரு மாவட்டங்களிலும் பரந்து கிடக்கின்றது. 1980ஆம் ஆண்டளவில் பாதுகாப்பிற்குட்பட்ட இந்நிலத்தின் பரப்பு 3,162 சதுர கிலோமீற்றர். நமது மாத்தளை மாவட்டத்தினும் இஃது ஒன்றரை மடங்கிற்கு மேற்பட்டது. எல்கடுவையின் மலைச்சாரலில் மழையையும் மூடுபனியையும் நாளும் காணும் நமக்கு, ஆண்டு முழுவதும் 200 மில்லிமீற்றர் மழையேனும் உறுதியில்லாத நிலத்தை எண்ணிப் பார்த்தலும் அரிது. கோடையில் அங்கு வெப்பம் ஐம்பது பாகையை நெருங்கும்.

பாலை என்றவுடன் மணற்குன்றுகளே நம் மனக்கண்முன் தோன்றும். ஆயின் இப்பூங்காவில் மணற்குன்றுகள் ஒரு பகுதியே. எஞ்சியவை கற்பாங்கான தரையும், வற்றிய உப்பேரிகளும், புல்வெளிகளுமாம். சேவண் என்னும் புல் ஆழவேரூன்றி மணலைப் பற்றி நிற்கின்றது. நம் கோயில்களிற் போற்றப்படும் வன்னி மரம் அங்கு ‘கேஜ்ரி’ என வழங்குகின்றது. அதன் நெற்றுக்கள் மக்கட்கு உணவாகவும், தழை கால்நடைக்குத் தீவனமாகவும் பயன்படுகின்றன. சிங்காரா என்னும் சிறுமானும், பாலைநரியும், பாலைப்பூனையும், முள்வாற் பல்லியும் இங்கு வாழ்கின்றன. பூங்காவினுள்ளே ஊர்களும் உள. மக்கள் ஆடுமாடு மேய்த்து வாழ்கின்றனர்.

ஜெய்சல்மேர் நகரிலிருந்து ஏறத்தாழ 17 கிலோமீற்றர் தொலைவில், பார்மேர் செல்லும் வழியில், ஆகல் கல்மரப் பூங்கா அமைந்துள்ளது. நிழலுக்கு ஒரு மரமும் அரிதான அம்மேட்டில், ஏறத்தாழ பதினெட்டுக் கோடி ஆண்டுகட்கு முற்பட்ட பெருமரங்களின் அடிகள் கல்லாய்க் கிடக்கின்றன. மரம் கல்லாவது எங்ஙனம்? வீழ்ந்த மரத்தை மண்ணும் மணலும் விரைவில் மூடிவிடின், காற்றுப் புகாமையால் அது மட்காது. நிலத்தடி நீரிற் கரைந்துள்ள சிலிக்கா என்னும் கனிமம் மரத்தின் நுண்ணறைகளுட் புகுந்து படிந்து, மெல்ல மெல்ல மரப்பொருளின் இடத்தைக் கொள்ளும். வடிவம் மரத்தினது, பொருள் கல்லினது. மேல்மூடிய படிவுகளைக் காற்றும் மழையும் அரித்தபின் அவை வெளிப்படுகின்றன. தமிழகத்துத் திருவக்கரையிலும் இத்தகைய கல்மரங்கள் உள. ஆயின் அவற்றின் வயது ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டே.

இப்பகுதியிற் கடலும் ஒருகாலத்துப் பரவியிருந்தது. ஜெய்சல்மேர்க் கோட்டையைப் பொன்னிறமாகத் தோற்றுவிக்கும் மஞ்சட்கல், அக்கடலின் அடியிற் படிந்த சுண்ணக்கல் வகையைச் சார்ந்தது. நகரின் அண்மையிலுள்ள ஜேத்வாய் என்னுமிடத்தில் எடுக்கப்பட்ட எலும்புகளை ஆராய்ந்த இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையினரும் ரூர்க்கித் தொழில்நுட்பக் கழகத்தினரும், 2023ஆம் ஆண்டில், 16.7 கோடி ஆண்டுகட்கு முன் வாழ்ந்த நெடுங்கழுத்துடைய தாவரவுண்ணி டைனசோர் ஒன்றை உலகிற்கு அறிவித்தனர். தார்ப் பாலையின் பெயரால் அது ‘தாரோசோரஸ்’ எனப்பட்டது.

இறந்த உயிர்களின் சுவடுகள் இவ்வாறு நிற்க, இறந்துபடும் நிலையில் உள்ள உயிரொன்றும் இங்குண்டு. அதுவே கானமயில். மூதுரையில் வரும் கானமயில் காட்டில் வாழும் மயிலே. இக்காலப் பறவையியலார் அப்பெயரால் குறிப்பதோ வேறொரு பறவையை. ஒரு மீற்றர் உயரமும், ஆணாயின் பதினைந்து கிலோகிராம் வரை எடையும் உடைய இது, பறக்கவல்ல பறவைகளுள் மிகக் கனத்தவற்றுள் ஒன்று. முற்காலத்தில் பஞ்சாபு முதல் தமிழகம் வரை வாழ்ந்த இவ்வினத்தில் இன்று எஞ்சியவை ஏறத்தாழ நூற்றைம்பதே எனக் கணிக்கப்பட்டுள்ளது. அவற்றுட் பெரும்பாலானவை இராசத்தானத்திலேயே உள்ளன.

வேட்டையும் புல்வெளியின் அழிவும் இவ்வினத்தைக் குறைத்தன. இன்றைய பேரிடர் மின்கம்பிகளாம். இப்பறவை தலையின் இருமருங்கும் நன்கு காணுமேயன்றி நேர்முன்னே காணும் ஆற்றல் குறைந்தது. உடற்கனத்தால் விரைந்து திரும்பவும் இயலாது. கதிரவன் ஒளியும் காற்றும் மிக்க அந்நிலத்தில் மின்னாக்க நிலையங்கள் பெருகியுள்ளன. 2021ஆம் ஆண்டில் இந்திய உயர்நீதி மன்றங்கட்கெல்லாம் மேலான உச்சநீதிமன்றம், இயலுமிடங்களிற் கம்பிகளை நிலத்தடியே பதிக்குமாறு பணித்தது. பரந்த நிலமெங்கும் அதனைச் செய்தல் அரிது எனக் கண்டு, 2024ஆம் ஆண்டில் அவ்வாணையைத் திருத்தி, வல்லுநர் குழுவொன்றை அமைத்தது. புகையற்ற மின்சாரமும் வேண்டும், பறவையும் வேண்டும். இரண்டும் நன்மையே. ஒன்றற்காக மற்றொன்றை எளிதில் இழக்கலாமோ? பெரும்பாலும் ஆண்டிற்கு ஒரு முட்டையே இடும் இப்பறவை, இழப்பை விரைந்து ஈடுசெய்யாது. ஜெய்சல்மேரின் இனப்பெருக்க நிலையத்தில், 2024ஆம் ஆண்டு செயற்கைக் கருவூட்டலால் ஒரு குஞ்சு பொரித்தமை நம்பிக்கை தருகின்றது.

செல்ல விரும்புவோர் நவம்பர் முதல் பெப்ரவரி வரையுள்ள குளிர்காலத்தைத் தேர்தல் நன்று. எல்லைப்புறமாதலின் சில இடங்கட்கு இசைவாணை வேண்டும். கானமயிலைக் கண்டால் வண்டியிலிருந்து இறங்காது, தொலைநோக்கியாற் காண்க. ஆகலில் சிறு கற்றுண்டையும் எடுத்துவரற்க. ஒவ்வொருவரும் ஒன்று எடுப்பின் எஞ்சுவது வெறுந்தரையே.

ஆகலின் காடு மறைந்தபோது அதனைத் தடுப்பார் எவருமிலர். மனிதனே அன்று தோன்றவில்லை. கானமயில் மறையுமாயின் அதற்கு அத்தகைய விடை கூற நமக்கு உரிமையில்லை. நக்கிள்ஸ் மலைத்தொடரின் அடியில் வாழும் நாமும், நம் காடுகளை நோக்கி இதனை எண்ணுதல் கடனாகும்.