முதியோரிடம் குறையும் குடல் புற்றுநோய் இளையோரிடம் ஏன் கூடுகிறது?

தஞ்சை வயல்வரப்பில் நண்டு வளையைப் பார்த்திருப்பீர்கள். அன்றே ஒரு கைப்பிடிச் சேற்றால் அடைத்துவிடலாம். விட்டுவிட்டால் வரப்பே உடையும். பெருங்குடலின் உட்சுவரில் முளைக்கும் சிறு சதைக்கட்டியும் அப்படித்தான். எல்லாக் கட்டியும் புற்றாவதில்லை. ஆகிற கட்டிக்கும் பெரும்பாலும் பத்தாண்டு பிடிக்கும். அதற்குள் கேமரா குழாயால் கண்டு அகற்றினால் அந்தக் கட்டி புற்றாகாது. அமெரிக்காவில் முதியோரிடம் நோய் குறைந்ததற்கு இந்தப் பரிசோதனை பெருங்காரணம். 50 வயதுக்குட்பட்டோருக்கு அப்போது அந்தக் காவல் இருக்கவில்லை. அவர்களிடம் நோய் ஏறியது; உடல் பருமன், உணவு மாற்றம் முதலியவை மீது சந்தேகம் விழுந்தது. நோய் ஏறியதால் 2021இல் அங்கே பரிசோதனை வயது 45 ஆனது.

இங்கே? மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையின் ஓர் ஆய்வில் நோயாளிகளின் சராசரி வயது சுமார் 47. நம் மக்கள்தொகையே இளையது, சராசரி இறங்கத்தானே செய்யும் என்பீர்கள். நியாயம்தான், ஆனாலும் இளையவர்களுக்கு வராது என்ற நம்பிக்கை அந்த ஆய்வில் உடைகிறது. நோய் இங்கே குறைவு, எல்லோருக்கும் குழாய் எதற்கு என்பதும் சரியே. அரசின் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டமும் வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகியவற்றையே பார்க்கிறது. நான் வேண்டுவது சிறிது: மலத்தில் ரத்தம் கண்டால் மூலம்தான் என்று நீங்களே முடிவுகட்டாமல் தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டுங்கள். பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ இந்நோய் இருந்திருந்தால், 40 வயதிலோ அவர்களுக்கு வந்த வயதுக்குப் பத்தாண்டு முன்போ, எது முந்தியதோ அப்போதே பரிசோதித்துக்கொள்ளுங்கள்.