களத்தின் தோள்கள் – 9: சிவப்புச் சட்டைக்குத் திரும்பியவர்

ரக்பி லீக்கின் அடிப்படையைச் சென்ற வாரம் பார்த்தோம். அணிக்கு 13 பேர். ஆறு முறை பிடிபடுவதற்குள் எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தை ஊன்ற வேண்டும்; அதுதான் டிரை. முடியாவிட்டால் பந்து கைமாறும். அந்த ஆறில் முதல் இரண்டு மூன்று ஓட்டங்கள் பெரும்பாலும் ஃபார்வர்டுகள் எனப்படும் முன்வரிசைப் பலசாலிகளின் பொறுப்பு. பத்து மீட்டர் பின்வாங்கி வரிசைகட்டி நிற்கும் எதிரணிக்குள் நேராக ஓடி மோத வேண்டும். இரண்டு மூன்று பேர் சேர்ந்து சாய்ப்பார்கள். விழுந்தவர் எழுந்து பந்தைத் தரையில் வைத்து, காலால் பின்னுக்கு உருட்ட வேண்டும். எதிரணி மறுபடி வரிசைகட்டுமுன் எழுந்துவிட்டால், அடுத்து ஓடுபவருக்கு வழி திறக்கும்.

இந்த வேலையில் இந்தத் தலைமுறையின் உச்சம் ஜேசன் டௌமலோலோ. 13ஆம் எண் சட்டை, லாக் என்ற இடம். ஆக்லாந்தில் டோங்கா வம்சாவளிக் குடும்பத்தில் பிறந்தவர். பதின்பருவத்தில் ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில் நகருக்கு வந்து, 2010இல் நார்த் குயின்ஸ்லாந்து கௌபாய்ஸ் அணியில் அறிமுகமானார். 2015இல் அந்த அணி வென்ற முதல் கோப்பையில் அவருக்குப் பங்கு உண்டு. 2016இல் ஆஸ்திரேலிய லீக்கின் சிறந்த வீரருக்கான டாலி எம் பதக்கத்தை கூப்பர் க்ரோங்குடன் பகிர்ந்துகொண்டார். 2017இல் சுமார் 1 கோடி ஆஸ்திரேலிய டாலருக்குப் பத்து வருட ஒப்பந்தம்.

அவரது சர்வதேச வாழ்க்கை இப்படி நேர்க்கோட்டில் செல்லவில்லை. 2013 உலகக் கோப்பையில் டோங்காவுக்கு ஆடினார். 2014 முதல் நியூஸிலாந்துக்கு. ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து, இங்கிலாந்து மூன்றும் முதல்நிலை நாடுகள். அவற்றில் ஒன்றுக்கு ஆடியவர், பூர்விகத் தகுதி இருந்தால் இரண்டாம்நிலை நாடு ஒன்றுக்கு மாறிக்கொள்ள விதி இடம் தந்தது. 2017 உலகக் கோப்பைக்கு நியூஸிலாந்து அணி அறிவிக்கப்படும் தறுவாயில், தான் டோங்காவுக்கு ஆடப்போவதாக டௌமலோலோ சொல்லிவிட்டார். ஆஸ்திரேலியாவுக்கு ஆடிய ஆன்ட்ரூ ஃபிஃபிடாவும் அதே முடிவை எடுத்தார். சுமார் ஒரு லட்சம் பேர் வாழும் தீவு நாட்டுக்காக, அதிகப் பணமும் உறுதியான இடமும் தரும் அணிகளை இருவரும் விட்டுக்கொடுத்தார்கள். நியூஸிலாந்தில் கடும் விமர்சனம் எழுந்தது.

அந்த உலகக் கோப்பையில், நவம்பர் 11, ஹாமில்டன். டோங்காவும் நியூஸிலாந்தும் மோதின. நியூஸிலாந்தின் போர் நடனமான ஹாக்காவுக்கு எதிரே டோங்கா வீரர்கள் தங்கள் போர் நடனமான சிபி டௌ ஆடி நின்றார்கள். இடைவேளையில் நியூஸிலாந்து 16-2 என முன்னிலை. இரண்டாம் பாதியில் டோங்கா ஃபார்வர்டுகள் நடுக்களத்தை இடித்துக்கொண்டே இருந்தார்கள். அந்த இடியால் விளிம்பில் இடம் கிடைத்தது. டேவிட் ஃபுசிடுஆ மூன்று டிரை அடித்தார். டோங்கா 28-22 என வென்றது. தெற்கு ஆக்லாந்தின் வீதிகளில் டோங்காவின் சிவப்புக் கொடி கட்டிய கார்கள் ஊர்வலம் போயின.

அரையிறுதி ஆக்லாந்தில். இங்கிலாந்து 20-0 என முன்னிலையில் இருக்க, கடைசி ஏழு நிமிடங்களில் டோங்கா மூன்று டிரை அடித்து 20-18 வரை வந்தது. கடைசி நொடிகளில் கோட்டை நோக்கிப் பாய்ந்த ஃபிஃபிடாவின் கையிலிருந்து பந்து நழுவியது. அவரே தவறவிட்டார் என்று நடுவர் தீர்ப்பளித்தார். அந்தத் தீர்ப்பை டோங்கா ரசிகர்கள் பலர் ஏற்கவில்லை.

தோற்ற ஆட்டம்தான். ஆனால் அதன் பலன் பெரிது. அதுவரை டோங்காவோடு ஒரு டெஸ்ட்கூட ஆடியிராத ஆஸ்திரேலியா, 2018இல் ஆட வந்தது. நட்சத்திரங்கள் எல்லோரும் மூன்று நாடுகளுக்குள்ளேயே அடைந்துகிடந்தால் உலகக் கோப்பை என்ற பெயருக்கே பொருளில்லை. டௌமலோலோவைத் துரோகி என்றவர்கள் இதை யோசித்திருக்க வேண்டும். அவர் பூர்விக நாட்டுக்குத் திரும்பியதால் சர்வதேச ரக்பி லீக்குக்கே உயிர் வந்தது என்பதே என் உறுதியான கருத்து.

2018இல் ஆஸ்திரேலியா 34-16 என வென்றது. மறு ஆண்டு ஈடன் பார்க்கில் அதே ஆஸ்திரேலியாவை டோங்கா எப்படி 16-12 என வீழ்த்தியது? அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)