உங்களுக்குத் தெரியுமா? பத்து சென்ட் மனையும் வர்க்கமூலமும்

ஓர் எண்ணை அதே எண்ணால் பெருக்கினால் கிடைப்பது வர்க்கம் என்றும், அந்த வர்க்கத்திலிருந்து முதலெண்ணை மீட்டெடுப்பது வர்க்கமூலம் என்றும் வழங்கப்படும். சதுர நிலத்தின் பரப்பு தெரிந்து பக்கநீளம் தெரியாதபோது கைகொடுப்பது இதுவே. ஒரு சென்ட் என்பது ஏக்கரில் நூறில் ஒரு பங்கு, அதாவது 435.6 சதுர அடி ஆதலால், 10 சென்ட் சதுர மனையின் பரப்பு 4,356 சதுர அடியாகிறது. அதன் வர்க்கமூலம் மீதியின்றி 66 என வருவதால், நான்கு பக்கமும் வேலியடைக்க 264 அடி தேவை என்பது விளங்கும்.

எண் இவ்வளவு முழுமையாக அமைந்தது தற்செயல் அன்று: ஆங்கிலேயக் கணித அறிஞர் எட்மண்ட் குண்டர் 1620-இல் வடிவமைத்த நில அளவைச் சங்கிலியின் நீளம் 66 அடி, அச்சங்கிலியைப் பக்கமாகக் கொண்ட பத்துச் சதுரங்கள் சேர்ந்தது ஓர் ஏக்கர்.

பரப்பு இரட்டித்தால் பக்கமும் இரட்டிக்கும் என்று கருதுவது பலரிடமும் காணப்படும் பிழை. 20 சென்ட் சதுர மனையின் பக்கம் 132 அடி அன்று, 8,712-இன் வர்க்கமூலமான ஏறத்தாழ 93 அடி 4 அங்குலமே. வியப்புக்குரிய செய்தி என்னவெனில், 10 சென்ட் மனையின் எதிரெதிர் மூலைகளை இணைக்கும் கோடாகிய மூலைவிட்டத்தின் நீளமும் துல்லியமாக இதுவேயாகும். பக்கம் 132 அடியாக வேண்டுமானால் மனை 40 சென்ட் இருக்க வேண்டும். அப்போது நிலம் நான்கு மடங்காகியும் வேலியின் நீளம் இரு மடங்கே, அதாவது 528 அடியே ஆகும்.